இணையதளம் சட்டென்று திறக்க: எதை முதலில் சரிசெய்வது, எதை அப்படியே விட்டுவிடுவது

புதிதாக ஒரு தளம் தொடங்கி, சில மாதங்கள் எழுதிப் பதிவேற்றிய பிறகு பலரும் கேட்கும் கேள்வி இது: "வேகத்தைக் கூட்டினால் கூகுள் தேடலில் மேலே வர முடியுமா?" முடியும், ஓரளவுக்கு. அந்த ஓரளவு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வேலையில் இறங்குவது நல்லது. இல்லாவிட்டால் தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும், தேவையே இல்லாத பிளக்இன்களுக்குப் பணமும் போகும், நேரமும் போகும்.

தளத்தின் வேகத்தையும் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதாக கூகுள் 2010 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அப்போது அது கணினித் தேடலுக்கு மட்டும். 2018 ஜூலையில் மொபைல் தேடலுக்கும் வந்தது. மிக மெதுவான பக்கங்களை மட்டுமே அது பாதிக்கும் என்று அப்போதே சொன்னார்கள். 2021இல் கோர் வெப் வைட்டல்ஸ் என்ற மூன்று அளவுகோல்கள் சேர்ந்தன. இத்தனைக்குப் பிறகும், தேடியவருக்கு வேண்டிய பதில் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கூகுளுக்கு முதன்மை. பதில் இல்லாத பக்கம் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் மேலே வராது. ஒரே கேள்விக்கு ஏறக்குறைய ஒரே தரத்தில் பதில் சொல்லும் பக்கங்கள் நிறைய இருக்கும்போதுதான் வேகம் கைகொடுக்கும். சமையல் குறிப்பு, தேர்வு அறிவிப்பு, அரசுத் திட்ட விண்ணப்பம் போன்ற துறைகளில் நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

தரவரிசையை விடுங்கள். பக்கம் திறக்கும்வரை காத்திருக்காமல் திரும்பிப் போனவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். பேருந்து டிக்கெட் விற்கும் ரெட்பஸ் நிறுவனம், பயனர் தட்டியதும் தளம் பதில் தரும் வேகத்தைச் சீர்செய்ததில் விற்பனை 7 சதவீதம் கூடியதாக வெளியிட்டிருக்கிறது. விற்கிற தளத்துக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று சொல்லத் தேவையில்லை.

சாதாரணத் தளம் ஒன்றில் தாமதத்தின் பெரும்பகுதி மூன்று இடங்களில்தான் இருக்கும்: படங்கள், தளத்தின் கோப்புகளை வைத்து அனுப்பும் கணினியான சர்வர், வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய ஸ்கிரிப்டுகள், அதாவது நிரல் துண்டுகள். தமிழ்த் தளம் என்றால் நான்காவதாக எழுத்துருவும் சேரும். இவற்றை முடிக்காமல் வேறு எதையும் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. கீழே சொல்லப்போவதும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான். பல தமிழ்த் தளங்கள், தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இருப்பதால் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

உங்கள் சொந்த போனில், வீட்டு வைஃபையில் தளத்தைத் திறந்து பார்த்து "வேகமாகத்தானே இருக்கிறது" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உங்கள் பிரவுசர் அந்தத் தளத்தின் படங்களையும் கோப்புகளையும் ஏற்கனவே சேமித்து வைத்திருக்கும். முதல்முறை வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்று தேடினால் கூகுளின் இலவசக் கருவி வரும். அதில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மொபைல் என்ற பகுதியைப் பாருங்கள். டெஸ்க்டாப் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கூகுள் தளங்களைப் பட்டியலிடுவது மொபைல் வடிவத்தை வைத்துத்தான். உங்கள் வாசகர்களில் பெரும்பாலானோர் வருவதும் மொபைலில்தான்.

முடிவுப் பக்கத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களுக்கு வரும் முதல் சிக்கல். மேலே இருப்பது, கடந்த 28 நாட்களில் குரோம் பிரவுசரில் உங்கள் தளத்துக்கு உண்மையாகவே வந்தவர்களின் அனுபவம். கூகுள் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வது இந்த வகைத் தரவைத்தான். கீழே 0 முதல் 100 வரை வட்டத்துக்குள் தெரியும் மதிப்பெண், லைட்ஹவுஸ் என்ற கருவி அந்த நேரத்தில் செய்து பார்த்த சோதனை. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன், நொடிக்கு 1.6 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. எங்கே கோளாறு என்று தேடுவதற்கு இந்தப் பகுதி அருமையானது. ஆனால் அந்த மதிப்பெண் தரவரிசைக்குப் போவதில்லை. 100 வாங்கியே தீருவேன் என்று வாரக்கணக்கில் உட்காருவது வீண் உழைப்பு.

தளம் புதிதாக இருந்தால் மேல்பகுதி காலியாக இருக்கும். அளக்கிற அளவுக்கு ஆட்கள் வரவில்லை என்று அர்த்தம். கவலை வேண்டாம், கீழ்ப்பகுதியை வைத்து வேலையைத் தொடங்கலாம்.

பார்க்க வேண்டிய எண்கள் மூன்று; மேலே சொன்ன கோர் வெப் வைட்டல்ஸ் இவைதான். எல்சிபி என்பது, திரையில் தெரியும் மிகப் பெரிய பகுதி, அதாவது தலைப்புப் படமோ பெரிய பத்தியோ, கண்ணில் படுவதற்கு ஆகும் நேரம். 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது, 4 நொடியைத் தாண்டினால் மோசம். ஐஎன்பி என்பது, பயனர் ஒரு பட்டனைத் தட்டியதற்குப் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம். 200 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும், 500ஐத் தாண்டக் கூடாது. 2024 மார்ச்சில்தான் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக இது வந்தது. இன்னும் எஃப்ஐடி பற்றிப் பேசும் கட்டுரையைப் பார்த்தால் அது பழசு என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது சிஎல்எஸ், படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதன் அளவு. 0.1க்குள் இருக்க வேண்டும்.

இந்த எண்கள் சராசரி அல்ல. வருகிற நூறு பேரில் 75 பேருக்காவது அந்த வரம்புக்குள் கிடைத்தால்தான் 'நன்று' என்று பச்சை விழும். நல்ல போன் வைத்திருக்கும் பாதிப்பேரை மட்டும் திருப்திப்படுத்தினால் போதாது.

முகப்பு, ஒரு கட்டுரை, ஒரு வகைப்பட்டியல் அல்லது பொருள் பக்கம் என மூன்று விதப் பக்கங்களைச் சோதித்து, எண்களைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். லைட்ஹவுஸ் எண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும்.

படங்கள்: பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்

போனில் எடுத்த ஒரு படம் சுமார் 4000 பிக்சல் அகலம், 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். அதை அப்படியே பதிவேற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 எம்பி என்பது 32 மெகாபிட். மேலே சொன்ன 1.6 மெகாபிட் இணைப்பில் அந்த ஒரு படம் இறங்கவே 20 நொடி. அதையே 150 கேபியாகச் சுருக்கினால் ஒரு நொடிகூட ஆகாது. வேறு எந்தச் சீர்திருத்தமும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது.

சுருக்குவதற்கு ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியை எடுத்துக்கொள்வோம். பிரவுசரிலேயே ஓடும், உங்கள் படம் வேறு எந்த சர்வருக்கும் போகாது. படத்தை இழுத்து அதில் போட்டதும் திரை நடுவில் ஒரு கோடு விழும். இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் சுருக்கிய படம். வலப்பக்கப் பெட்டியில் ரீசைஸ் என்பதை இயக்கி, அகலத்தை 1200 ஆக்குங்கள். உயரம் தானாகவே பொருந்திக்கொள்ளும். கீழே உள்ள வடிவப் பட்டியலில் வெப்பி என்பதைத் தேர்ந்தெடுத்து, தரத்தை 75இல் வையுங்கள். மூலையில் புதிய அளவு தெரியும். இப்போது நடுக்கோட்டை இடமும் வலமும் நகர்த்தி, முகம், புடவைக் கரை, சின்ன எழுத்து போன்ற நுணுக்கமான இடங்களை உற்றுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் தரத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். தெரிந்தால் 80க்கு ஏற்றுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. மங்கலான பின்னணி உள்ள படம் 60இலேயே நன்றாக இருக்கும், பட்டுச்சேலைப் படத்துக்கு 80 வேண்டியிருக்கும்.

வெப்பி என்பது 2010இல் கூகுள் வெளியிட்ட பட வடிவம். ஒரே தரத்தில் ஜேபெக்கைவிடச் சுமார் கால்பங்குக்கு மேல் சிறியதாக வரும். வேர்ட்பிரஸ் 5.8 முதல் அதை நேரடியாகப் பதிவேற்றலாம். ஏவிஃப் என்ற வடிவம் இன்னும் சிறியது, வேர்ட்பிரஸ் 6.5 முதல் அதற்கும் இடமுண்டு. புதியவர்கள் வெப்பியோடு நிறுத்திக்கொள்ளலாம், சிக்கல் குறைவு. ஏற்கனவே நூற்றுக்கணக்கில் படங்களை ஏற்றிவிட்டீர்கள் என்றால், மொத்தமாகச் சுருக்கித்தரும் பிளக்இன் ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள். ஓட்டும் முன் பேக்கப் எடுக்க மறக்காதீர்கள்.

அடுத்தது, முதல் படத்தை மற்றப் படங்களிலிருந்து பிரித்துப் பார்ப்பது. பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படும் பெரிய படம்தான் பெரும்பாலும் உங்கள் எல்சிபி அளக்கும் பகுதி. பேஜ்ஸ்பீட் அறிக்கையிலேயே எது என்று காட்டிவிடும். லேசி லோடிங் என்ற வசதி, பயனர் உருட்டிக் கீழே வரும்போது மட்டும் படங்களை இறக்கும். கீழே இருக்கும் படங்களுக்கு அது மிக நல்லது. ஆனால் முதல் படத்துக்கும் அதைப் போட்டுவிட்டால், முதலில் வர வேண்டியது கடைசியாக வந்து நிற்கும். வேர்ட்பிரஸ் 5.5 முதல் லேசி லோடிங் உள்ளேயே இருக்கிறது; 5.9 முதல் அது முதல் படத்தை விட்டுவைக்கிறது, 6.3 முதல் அந்தப் படத்துக்கு முன்னுரிமைக் குறிப்பும் சேர்க்கிறது. இதையெல்லாம் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமோ பிளக்இன்னோ கெடுத்துவிடுவதுண்டு. அதனால் லேசி லோடிங் அமைப்புள்ள பிளக்இன் எதையாவது வைத்திருந்தால், அதன் விலக்குப் பட்டியலில் முகப்புப் படத்தையும் லோகோவையும் சேர்த்துவிடுங்கள்.

முகப்பில் ஐந்து படங்கள் மாறிமாறி ஓடும் ஸ்லைடர் இருக்கிறதா? எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்காக ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்) கோப்பு இறங்குகிறது, ஐந்து படங்களும் இறங்குகின்றன, மூன்றாவது படத்தைத் தாண்டிப் பார்ப்பவர் அபூர்வம். நல்ல ஒரே படம், அதன் கீழே இரண்டு வரி போதும்.

கடைத் தளங்களில் இன்னொன்றும் பார்க்கிறேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சலுகை என்று வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டரையே முகப்பில் பேனராக வைக்கிறார்கள். விலை, தேதி, முகவரி எல்லாம் படத்துக்குள்ளேயே எழுத்தாக இருக்கும். படம் கனமாகும், சின்னத் திரையில் எழுத்து படிக்க முடியாது, தேடலிலும் அந்த வரிகள் எழுத்தாகக் கணக்கில் வராது. படத்தைத் தனியாகவும் விவரத்தை உண்மையான எழுத்தாகவும் வைத்தால் மூன்றும் சேர்ந்து தீரும்.

சர்வர்: தூரமும் நேரமும்

பேஜ்ஸ்பீட் அறிக்கையில் டிடிஎஃப்பி என்று ஒரு எண் இருக்கும். கேட்டதற்கு உங்கள் சர்வர் முதல் பைட்டை அனுப்பிவைக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. 0.8 நொடிக்குள் இருந்தால் சரி. இரண்டு நொடி என்று காட்டினால், படத்தை எவ்வளவு சுருக்கினாலும் எல்சிபியை 2.5க்குள் கொண்டுவருவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே இந்த எண் மோசமாக இருந்தால் படத்துக்கு முன்பே இங்கே வாருங்கள்.

காரணம் இரண்டு. ஒன்று தூரம். மலிவு விலை ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகை இடம், வாங்கும்போது சர்வர் எங்கே இருக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குத் தகவல் போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். பாதுகாப்பான ஒரு இணைப்பை உருவாக்கி முதல் பைட்டைப் பெற அப்படி மூன்று முறையாவது போய்வர வேண்டும். பக்கம் தயாராவதற்கு முன்பே 600 மில்லிசெகண்ட் தூரத்திலேயே கரைந்துவிடுகிறது. வாசகர்கள் தமிழ்நாட்டில் என்றால் மும்பை, பெங்களூரு அல்லது சிங்கப்பூரில் சர்வர் உள்ள திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இருக்கும் ஹோஸ்டிங்கிலேயே டேட்டா சென்டரை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். பல நிறுவனங்கள் செய்துதருகின்றன.

இரண்டாவது, பக்கத்தைத் தயாரிக்கும் நேரம். வேர்ட்பிரஸில் ஒவ்வொருவர் வரும்போதும் தரவுத்தளத்தில் தேடி, தீமோடு சேர்த்து, பக்கத்தைச் சர்வர் புதிதாகக் கட்டுகிறது. நேற்று எழுதி முடித்த கட்டுரையை ஆயிரம் பேர் படித்தால் ஆயிரம் முறை கட்டுமானம். கேஷ் பிளக்இன் செய்வது, ஒருமுறை கட்டிய பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்தவருக்கு அதையே எடுத்துக்கொடுப்பது. உங்கள் ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வரில் ஓடினால் லைட்ஸ்பீட் கேஷ் போடுங்கள். இல்லாவிட்டால் டபிள்யூபி சூப்பர் கேஷ் எளிமையானது, இலவசம். கேஷ் பிளக்இன் ஒன்றே ஒன்று இருக்கட்டும். இரண்டு போட்டால் ஒன்றின் சேமிப்பை மற்றது புரிந்துகொள்ளாமல், திருத்திய கட்டுரை வாசகருக்குப் பழையபடியே தெரியும். வேகமும் இரட்டிப்பாகாது. விற்பனைத் தளம் என்றால் கூடை, பணம் செலுத்தும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றும் கேஷில் இருந்து விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியே ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில், வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 7.4 போன்ற பழைய பதிப்பு என்றால் 8ஆம் வரிசையில் புதியதற்கு மாற்றுங்கள். வேகத்துக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது. பழைய பிளக்இன் எதுவும் உடையாமல் இருக்கிறதா என்று மாற்றியதும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிடுங்கள்.

தமிழ் வாசகர்கள் ஓரிடத்தில் இல்லை. யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று பரந்திருக்கிறார்கள். சர்வரை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்குத் தூரம்தான். அதற்குத்தான் சிடிஎன். உங்கள் படங்கள், ஸ்டைல் கோப்புகளின் பிரதியை உலகின் பல நகரங்களில் வைத்து, அருகில் இருப்பதிலிருந்து கொடுக்கும். கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டமே சிறிய தளத்துக்குப் போதும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தானாக அது படங்களையும் கோப்புகளையும்தான் சேமிக்கும், பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் உள்ள எச்டிஎம்எல்லைச் சேமிக்காது. எனவே சிடிஎன் போட்டுவிட்டேன், கேஷ் பிளக்இன் வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

சர்வர் வேகத்தால் தேடலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சர்வர் விரைந்து பதில் தந்தால் தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான பாட் அதே நேரத்தில் அதிகப் பக்கங்களைப் படித்துப் போகும். நூறு பக்கத் தளத்துக்கு இது பெரிதில்லை. தினமும் பல செய்திகள் போடும் தளத்துக்கு மிக முக்கியம்.

தமிழ் எழுத்துகளும் எழுத்துருவும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வேக வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். மொத்தம் 15 பைட். நீளமான தமிழ்க் கட்டுரையின் எச்டிஎம்எல் இப்படித்தான் ஊதிப்போகிறது.

நல்லவேளையாக இதற்கு மருந்து எளிது. அந்த மூன்று பைட்டில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றுதான், இரண்டாவது பைட்டும் இரண்டே விதம்தான். இப்படித் திரும்பத் திரும்ப வருவதை ஜிஜிப், பிராட்லி போன்ற சுருக்கு முறைகள் மிக நன்றாகச் சுருக்கும். ஆகவே தமிழ்த் தளத்தில் சர்வர் சுருக்கம் இயங்குகிறதா என்று பார்ப்பது மற்ற தளங்களைவிட அவசியம். குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கத்தைப் புதுப்பியுங்கள். பட்டியலின் முதல் வரியைச் சொடுக்கினால் வரும் ஹெடர்களில் 'கன்டென்ட் என்கோடிங்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஷ் பிளக்இன் அமைப்பிலோ, ஹோஸ்டிங் உதவிக் குழுவிடமோ கேட்டு இயக்குங்கள்.

எழுத்துருவுக்கு வருவோம். தமிழுக்கென்று கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை என்று நல்ல எழுத்துருக்கள் பல உண்டு. ஆசைக்குத் தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, மெனுவுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் நான்கு தடிமன் என்று சேர்த்தால் எழுத்துருவே ஒரு பெரிய படத்தின் கனத்துக்கு வந்துவிடும். ஒரு குடும்பம், இரண்டு தடிமன். அதற்கு மேல் வேண்டாம்.

சேர்க்காமலே இருப்பது இன்னும் நல்லது. ஆண்ட்ராய்டில் நோட்டோ வகைத் தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். கருவியில் இருப்பதையே பயன்படுத்தும்படி தீமில் 'சிஸ்டம் ஃபான்ட்' என்று தேர்ந்தெடுத்தால் இறக்க வேண்டியது பூஜ்யம் பைட். செய்தி, கட்டுரைத் தளங்களுக்கு என் பரிந்துரை இதுதான். அடையாளத்துக்கு ஒரு சிறப்பு எழுத்துரு வேண்டுமென்றால் அதைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள்.

வெளியிலிருந்து எடுப்பதைவிட உங்கள் சர்வரிலேயே எழுத்துருவை வைப்பது மேல். கூகுள் ஃபான்ட்ஸை எல்லாத் தளங்களும் பயன்படுத்துவதால் அது வாசகரின் பிரவுசரில் ஏற்கனவே சேமிப்பில் இருக்கும் என்ற வாதம் முன்பு சரி. குரோம் 2020 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. அந்த லாபம் இப்போது இல்லை. வேர்ட்பிரஸ் 6.5இல் வந்த எழுத்துரு நூலகம், கூகுள் எழுத்துருவை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துத் தருகிறது. தளம் முழுவதையும் பிளாக்குகளாக அமைக்கும் பிளாக் தீம் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

எழுத்துரு இறங்கும்வரை பக்கம் வெறுமையாக நிற்காமல் இருக்க 'ஃபான்ட் டிஸ்ப்ளே' என்ற அமைப்பை 'ஸ்வாப்' என்று வைப்பார்கள். கருவியின் எழுத்தில் முதலில் காட்டி, பிறகு மாற்றும். தமிழில் ஒரு சின்னத் தொல்லை உண்டு: எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் நிறைய வேறுபடும். மாறும் நொடியில் மூன்று வரித் தலைப்பு நான்கு வரியாகி, கீழே உள்ளது எல்லாம் இறங்கும். சிஎல்எஸ் எகிறக் காரணம் தெரியாமல் தவிப்பவர்கள் இந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

வெளியார் ஸ்கிரிப்டுகள்

உங்கள் படமும் சர்வரும் சரியாக இருந்தும் பக்கம் தட்டினால் அசையாமல் நிற்கிறதென்றால், ஐஎன்பி சிவப்பாக இருக்கிறதென்றால், குற்றவாளி பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். மெதுவான போனில் அது இறங்குவதைவிட, இறங்கிய பிறகு ஓடி முடிக்கத்தான் நேரம் எடுக்கும். ஓடி முடிக்கும்வரை பயனரின் தட்டல் வரிசையில் காத்திருக்கும்.

அதே நெட்வொர்க் பகுதியில் பட்டியலை முழுவதும் உருட்டிப் பாருங்கள். உங்கள் தளத்தின் பெயரில் இல்லாத ஒவ்வொரு வரியையும் "இது எதற்கு?" என்று கேளுங்கள். எப்போதோ நடத்திய விளம்பரத்துக்குப் போட்ட, வருவோரைக் கண்காணிக்கும் பிக்சல், யாரும் பயன்படுத்தாத சாட் பெட்டி, இரண்டு முறை சேர்க்கப்பட்ட அனலிட்டிக்ஸ், ஆறு பகிர்வு பட்டன்கள் என்று வரும். பதில் தெரியாததை நீக்குங்கள். சாட் பெட்டிக்குப் பதிலாக ஒரு வாட்ஸ்அப் இணைப்பு பட்டன் வைத்தால், வாடிக்கையாளருக்கும் அது பழக்கமானது, பக்கத்துக்கும் பாரமில்லை.

யூடியூப் காணொளியைக் கட்டுரையில் பதித்தால், பயனர் பிளே அழுத்துவதற்கு முன்பே பல நூறு கேபி ஸ்கிரிப்ட் இறங்கிவிடுகிறது. சமையல் தளங்களில் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு காணொளிகள்கூட இருக்கும். அட்டைப்படத்தை மட்டும் காட்டி, தொட்டதும் காணொளியைக் கொண்டுவரும் பிளக்இன்கள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

விளம்பரங்களை நீக்கச் சொல்ல முடியாது, அதில்தான் பலருடைய தளமே ஓடுகிறது. ஆனால் இடம் ஒதுக்கலாம். விளம்பரம் வரும் பெட்டிக்கு முன்கூட்டியே குறைந்தபட்ச உயரத்தை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் கொடுத்துவிட்டால், அது தாமதமாக வந்தாலும் படித்துக்கொண்டிருக்கும் பத்தி கீழே தள்ளப்படாது. தலைப்புக்கு மேலே விளம்பரம் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். படங்களுக்கும் இதே விதி: ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் எடிட்டர் வழியாகச் சேர்த்தால் தானாகவே வரும். கையால் கோட் ஒட்டியவர்கள் சரிபார்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைச் சுருக்குவது, ஒன்றாக இணைப்பது, தாமதப்படுத்துவது என்று கேஷ் பிளக்இன்களில் நிறைய சுவிட்சுகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிடாதீர்கள். ஒன்றைப் போடுங்கள், மெனு திறக்கிறதா, படிவம் போகிறதா, பணம் செலுத்தும் பக்கம் வேலை செய்கிறதா என்று போனில் பாருங்கள், அப்புறம் அடுத்தது. இவற்றின் லாபம் சிறியது, பக்கத்தை உடைக்கும் வாய்ப்போ பெரியது.

பயன்படுத்தாத பிளக்இன்களை நிறுத்தினால் மட்டும் போதாது, நீக்குங்கள். பக்கங்களை இழுத்துப்போட்டு அமைக்கும் கனமான பேஜ் பில்டரில் கட்டிய தளம் என்றால், எல்லாம் செய்தும் எண் நகரவில்லையென்றால், இலகுவான ஒரு தீமுக்கு மாறுவதுதான் வழி. அது பெரிய வேலை. கடைசியில் யோசியுங்கள்.

பிளாக்கரில் எழுதுபவர்களுக்கு சர்வர் கவலை இல்லை, அது கூகுளே பார்த்துக்கொள்கிறது. அவர்கள் படத்தைச் சுருக்கி ஏற்றுவது, இலவச டெம்ப்ளேட்டில் ஒட்டிக்கொண்டு வரும் தேவையற்ற விட்ஜெட்களை நீக்குவது, முகப்பில் காட்டும் பதிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது ஆகிய மூன்றைச் செய்தாலே போதும்.

மாற்றிய பிறகு

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கேஷைக் காலிசெய்துவிட்டு லைட்ஹவுஸ் பகுதியை மட்டும் பாருங்கள். மேல்பகுதி உடனே மாறாது. அது 28 நாள் தொகுப்பு என்பதால் பழைய மெதுவான நாட்களும் அதில் கலந்தே இருக்கும். மெல்ல மெல்லத்தான் நகரும்.

தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்திருந்தால், அங்கே கோர் வெப் வைட்டல்ஸ் என்ற பகுதியில் ஒரே மாதிரிப் பக்கங்களைக் குழுவாகச் சேர்த்து, எந்தக் குழு மோசம், எந்த எண்ணால் மோசம் என்று காட்டும். சரிசெய்த பிறகு அங்கேயே 'சரிபார்' என்று கேட்கும் பட்டன் உண்டு. அழுத்தியதும் கூகுள் 28 நாள் கண்காணிக்கும். தேடலில் இடம் மாறுகிறதா என்று தினமும் பார்ப்பதைவிட, அதே சர்ச் கன்சோலில் மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுக் காலம், பண்டிகைக் காலம் போன்றவற்றால் வரத்து கூடிக் குறைவதையும் கணக்கில் வையுங்கள்.

புதிய தீம், புதிய பிளக்இன், புதிய விளம்பரப் பெட்டி எது சேர்த்தாலும் முன்பு குறித்துவைத்த அதே மூன்று பக்கங்களை அன்றே மறுபடி சோதித்து, நோட்டில் அடுத்த வரியில் எழுதிவிடுங்கள். எண் திடீரென்று கெட்டுப்போனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த நோட்டின் கடைசி இரண்டு வரிகளுக்குள் இருக்கும்.